பாதியில் நின்ற காதுகுத்து

தணிகைவேலுக்கு இருபத்து நாலு வயதாகியும் காது குத்தவில்லை. பாகூரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்து யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாததால் யாரும் அதைப் பேசுவதில்லை. அவன் புதுச்சேரியில் தங்கிச் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவன். கிராப்புத் தலை, காலர் வைத்த சட்டை. அந்தத் தலைக்கும் அந்தக் காலருக்கும் நடுவே குனிந்து ஓட்டை தேட எவனுக்கும் நேரமில்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் அந்தக் காதுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது.

பிரான்சில் ஏக்ஸ் என்கிற ஊரின் சட்டக் கல்லூரி அவனை மேல்படிப்புக்கு எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. நவம்பரில் வகுப்பு. அதற்குள் கப்பலேறப் பணம் வேண்டும். போனால் தங்க ஓர் இடம் வேண்டும். அப்புறம் காகிதம். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவன் பிரான்சுக்குப் போகப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. படமெடுத்து ஒட்டியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கப்பல் கொழும்பில் நிற்கிறது. கொழும்புக்கு ரயில் இங்கிலீஷ்காரன் ஊர் வழியாகப் போகிறது. அதனால் இங்கிலீஷ்காரன் முத்திரை வேண்டும்.

இதுதான் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. பாகூரில் ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அதற்கடுத்த வயல் இங்கிலீஷ்காரனுடையது. அவர்கள் வீட்டு எருமை தினமும் காலையில் தேசம் விட்டுத் தேசம் போய் மேய்ந்து சாயங்காலம் திரும்பி வருகிறது. அதை எவனும் படமெடுக்கவில்லை.

முத்திரை வேண்டுமானால் மூன்று காகிதம் கொண்டுவரச் சொன்னார்கள். பாஸ்போர்ட், போகும் இடத்தில் தங்க விலாசம், ஒரு வருஷச் செலவுக்குப் பணம் இருக்கிறதென்று பாங்கு கொடுக்கும் கடிதம்.

தங்குமிடம் எதிர்பாராமல் சுலபமாக முடிந்தது. ஊரில் பலராமன் என்று ஒரு பழைய சிப்பாய் இருந்தார். சொல்தா பலராமன் என்பார்கள். பெரிய சண்டையில் காலில் குண்டு பட்டு மார்செய் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். குணமானதும் ஏக்ஸில் ஒரு விதவை வீட்டு மாடியில் கொஞ்ச நாள் தங்கியதாகச் சொல்லுவார். பதினேழு வருஷமாகச் சொல்லுகிறார், ஒருவரும் நம்பியதில்லை.

"எழுதிப் போடு தம்பி. மதாம் லூயீஸ். நல்ல பொம்பள. நான் சொன்னேன்னு எழுது," என்றார் பலராமன்.

"நீங்களே எழுதுங்கண்ணே."

"நான் பேசறது பட்டாளத்துப் பிரெஞ்சு. அதை எழுதினா வூடு கெடைக்காது, போலீஸ்தான் வரும்."

தணிகைவேல் எழுதினான். பதில் வந்தது. மதாம் லூயீஸ் உயிரோடு இருந்தார். மாடி அறை காலியாக இருக்கிறது, பலராமனின் கால் எப்படி இருக்கிறது, அறையில் சமைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். பலராமன் அந்தக் கடிதத்தைக் கடைத்தெருவெல்லாம் எடுத்துக்கொண்டு போய், நம்பாதவர்கள் முகத்துக்கு நேராக ஆட்டிவிட்டு வந்தார்.

தணிகைவேலின் அம்மா அமிர்தத்துக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை. "சமைக்காம இன்னாத்த துன்றது?"

"ரொட்டிம்மா."

"மூணு வருஷத்துக்குமா? புளிக்காய்ச்சல் கட்டித் தரேன். பருப்புப்பொடி தரேன். அது சமையல்ல சேராது."



பணம்தான் சிக்கல். அப்பா பச்சையப்பனுக்கு ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும் உண்டு. ஆனால் அந்த வருஷம் வெல்லத்தின் விலை படுத்துக் கிடந்தது. நிலத்தை விற்க அவர் தயாராகத்தான் இருந்தார், வாங்கத்தான் ஆளில்லை. கிருமாம்பாக்கத்துப் பெரிய கை ஒருவர் பெண்ணையும் கொடுத்துக் கப்பல் டிக்கெட்டும் எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். தணிகைவேல் வேண்டாம் என்றான்.

"ஏண்டா?" என்றார் பச்சையப்பன்.

"டிக்கெட் போறதுக்கு மட்டும் நைனா. பொண்ணு ஆயுசுக்கும்."

பச்சையப்பன் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றார்.

வழியைக் கண்டுபிடித்தது அமிர்தம். கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க. இருவத்தஞ்சு வருசமா ஊரான் வூட்டு விசேஷத்துக்கெல்லாம் மொய் வெச்சிகினே இருக்கமே. நம்ம வூட்டுல ஒரு விசேஷம் நடந்துதா? ஒருத்தன் நமக்கு ஒரு காசு திருப்பி வெச்சானா?"

ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் மொய் வைத்தால், நம் வீட்டு விசேஷத்தில் அவர் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இதற்குக் கோர்ட்டு கிடையாது, ஆனால் எந்தக் கோர்ட்டு உத்தரவையும்விட நன்றாக நடக்கும். ஒரே ஒரு நிபந்தனை: விசேஷம் என்று ஒன்று நடக்க வேண்டும். பச்சையப்பன் தம்பதிக்குத் தணிகைவேல் ஒரே பிள்ளை. பிள்ளை கல்யாணத்தை இப்போது செலவழித்துவிட்டால் பெண்டாட்டியையும் சேர்த்துக் கப்பலேற்ற வேண்டும்.

"இன்னா விசேஷம் கீது நம்ம கிட்ட?" என்றார் பச்சையப்பன்.

அமிர்தம் மகனின் காதைப் பார்த்தாள். பச்சையப்பனும் பார்த்தார். தணிகைவேல் இரண்டு கைகளாலும் காதை மூடிக்கொண்டான்.

"அம்மா. நான் லாயர்."

"லாயருக்குக் காது இல்லியா?"

உண்மையில் அது புது விசேஷம்கூட இல்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கி, பாதியில் நின்ற விசேஷம். தணிகைவேலுக்கு ஒரு வயதில் குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடாகியிருந்தது. அமிர்தத்தின் அண்ணன் வீரப்பன் எல்லைக்கு அந்தப் பக்கம் தூக்கணாம்பாக்கத்திலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். துணி, பழத்தட்டு, சாமிக்கு வெட்ட ஓர் ஆடு. மொட்டை ஆயிற்று. பத்தர் ஊசியை எடுத்தார். அப்போது பச்சையப்பன் அந்த ஆட்டைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "இன்னா மச்சான், ஆடு நொண்டுது?" என்றார்.

சாமிக்கு ஊனமான ஆட்டை வெட்டக் கூடாது. தாய்மாமன் ஊனமான ஆட்டைக் கொண்டுவந்தான் என்றால் அவன் கொண்டுவந்த எல்லாமே ஊனம். வீரப்பன் மடியிலிருந்த மொட்டைக் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தார், ஆட்டுக் கயிற்றைப் பிடித்தார், நடந்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "உன் புள்ளைக்குக் காது குத்தணும்னா என் மடி வேணும். என் மடி இனிமே வராது." பந்தி கலைந்தது. மொய் வைக்க வந்தவர்கள் பணத்தை மடியில் திருப்பிச் செருகிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அமிர்தம் மட்டும் வரப்பில் நின்று அண்ணனைப் பார்த்துப் பேசிவிட்டு வருவாள். வீரப்பனுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். அதனால் பெண் கொடுத்து ராசியாகும் வழியும் அடைபட்டுப் போயிற்று.

"அன்னிக்கு மொய்யோட வந்தவங்கதானே எல்லாரும்? பாதிதான் ஆச்சு. மீதி பாதி பாக்கி கீது," என்றாள் அமிர்தம்.

"ஒத்திவெச்ச வழக்கு," என்றான் தணிகைவேல், தன்னை மீறி.

அவசரத்தில் அவர்கள் ஒரு தப்பு செய்தார்கள். வீரப்பனைக் கேட்பதற்கு முன்பே ஆவணியில் நாள் பார்த்து, பாக்கு வைத்து ஊரை அழைத்துவிட்டார்கள். பாகூர் முழுக்கப் பாக்கு போயிற்று, கிருமாம்பாக்கம் போயிற்று, மணப்பட்டு போயிற்று. இங்கிலீஷ் பக்கத்து உறவெல்லாம் உடனே ஒத்துக்கொண்டது. பிரெஞ்சுப் பக்கம் சாராயம் மலிவு; அங்கே யார் எதற்குக் கூப்பிட்டாலும் வருவார்கள். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "வீரப்பன் வர்றாரா?"

தணிகைவேல் தூக்கணாம்பாக்கத்துக்கு நடந்தான். வழியில் எல்லைக்கல்லைத் தாண்டும்போது என்ன பேசுவதென்று முடிவு செய்துவிட்டான்.

வீரப்பன் களத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். நெருங்கிப் பார்த்தால் முழங்கால்தான் பெரிதாகத் தெரியும்.

"வா மாப்ள. நாள் குறிச்சிட்டீங்களாமே. மடி யாரு கிட்ட கடன் வாங்கியிருக்கீங்க?"

"மாமா, ஒரு யோசனை. ஆடு உங்க ஊர்லருந்து கெளம்பறப்ப நல்லாத்தான் நடந்துச்சு. பாகூர் வந்தப்ப நொண்டிச்சு. நடுவுல எல்லை கீது. இங்கிலீஷ் மண்ணுல நல்ல ஆடு, பிரெஞ்சு மண்ணுல நொண்டி ஆடு. நீங்க சொன்னதும் நெசம், நைனா சொன்னதும் நெசம்."

வீரப்பன் கயிற்றை நிறுத்தினார். அவனை நன்றாகப் பார்த்தார்.

"இதத்தான் அங்க போய் இன்னும் மூணு வருசம் படிக்கப் போறியா?"

"ஆமா மாமா."

"டேய். அந்த ஆடு நொண்டிதான்."

வீரப்பன் மறுபடி கயிற்றைத் திரிக்கத் தொடங்கினார்.

"சந்தையில வெல கொறைச்சிக் குடுத்தான். லேசாத்தான் நொண்டுது, எவன் பார்க்கப் போறான்னு ஓட்டிகினு வந்தேன். உங்கப்பன் பார்த்துட்டான். பார்த்தான் சரி. என்னைத் தனியா இட்டுகினு போய்ச் சொல்லியிருக்கலாமில்ல? ஊரு முன்னால சொன்னானே. அவனுக்கு வாய்க்கும் வயித்துக்கும் நடுவுல கதவே கெடையாது."

வீரப்பனின் மனைவி காசம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிச்சிட்டுப் பேசு. உங்க மாமன் வருவாரு. போன வெள்ளிக்கெழமையே ஆடு வாங்கிக் கட்டிட்டாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீரப்பன் மனைவி போன திசையை முறைத்தார். பிறகு சொன்னார்: "வரேன். ஒண்ணு மட்டும். அன்னிக்கு முழுக்க உங்கப்பன் வாயைத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த. தொறந்தான்னா ஆட்டோட திரும்பிடுவேன்."

விசேஷ நாளன்று பச்சையப்பன் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டார். துப்பவும் பயந்து அப்படியே வைத்திருந்தார்.

தாய்மாமன் சீர் மேளத்தோடு பாகூர்க் கடைத்தெரு வழியாக வந்தது. தட்டுகளை எவரும் பார்க்கவில்லை. முழு ஊரும் குனிந்து ஆட்டின் காலைப் பார்த்தது. நல்ல கறுப்புக் கிடா. வீரப்பன் அதை வேண்டுமென்றே மெதுவாக நடத்தினார். கோயில் முன்னால் ஒருமுறை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி நடத்திக் காட்டினார். கிடா நான்கு காலிலும் சமமாக மிதித்தது. கூட்டத்தில் ஒருவன் கைதட்டினான். பச்சையப்பனின் கண் ஆட்டின் மேலும், அமிர்தத்தின் கண் பச்சையப்பன் வாயின் மேலும் இருந்தன.

அடுத்தது மடி. வீரப்பன் மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தணிகைவேல் அவரைவிட ஒரு தலை உயரம், ஒன்றரை பங்கு எடை. மடிக்கு மேலே பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் கையை ஊன்றித் தொங்கினான்.

"உக்காருடா முழுசா. மடியில உக்காராத காதுகுத்து செல்லாது," என்றார் நடேச பத்தர், தங்க ஊசியோடு.

தணிகைவேல் உட்கார்ந்தான். வீரப்பன் முழங்காலில் ஏதோ சத்தம் கேட்டது. அவர் முகம் மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. ஊர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டது.

"இவ்ளோ தடிச்ச காத நான் குத்தினதில்ல," என்றபடி பத்தர் குத்தினார். தணிகைவேல், சட்டப் பட்டதாரி, "யம்மா" என்றான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவன் வாயில் யாரோ சர்க்கரையைப் போட்டார்கள். காது குத்திக்கொள்ளும் குழந்தைக்குப் போடுவதுதான்.

வீரப்பன் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே சிவப்புக் கல் வைத்த கடுக்கன் ஒரு ஜோடி. பிள்ளைக்கு ஒரு வயதில் போடுவதற்குச் செய்தது. மிளகு அளவு. இருபத்து நாலு வயதுக் காதில் அதைப் போட்டபோது ஏதோ பூச்சி கடித்த மாதிரி இருந்தது.

"இன்னும் வெச்சிகினு கீறியா அண்ணா?" என்றாள் அமிர்தம்.

"விக்கத்தான் போனேன். அடிமாட்டு வெலைக்குக் கேட்டான். குடுக்கல," என்றார் வீரப்பன்.

பந்தி நடந்தது. மொய் விழுந்தது. கிருமாம்பாக்கத்துத் தையலம்மாள் மட்டும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கேட்டாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு பெண்ணுக்கும் விசேஷம் செய்து அமிர்தத்திடம் மொய் வாங்கியவள்.

"இது காதுகுத்தா, கப்பல் டிக்கெட்டா?"

"காதுகுத்துதான் அக்கா. காதுல பாருங்க," என்றாள் அமிர்தம்.

தையலம்மாள் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, கடுக்கனைத் தொட்டுப் பார்த்தாள். "காதுல கடுக்கன் கீது. அதான் வெக்கறேன். இது கழண்டா காசும் கழண்டுடும், சொல்லிட்டேன்," என்று சொல்லி மொய்யை வைத்தாள். சுற்றியிருந்தவர்கள் அதற்குத் தலையாட்டினார்கள். காது குத்தியவன் ஒரு மண்டலம் கடுக்கனைக் கழற்றக் கூடாது. கழற்றுவதானாலும் போட்ட கைதான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் காதுகுத்து ஆகவில்லை என்று கணக்கு.

வரவேண்டிய பணம் வந்துவிட்டது. மறுநாளே பாங்கில் கட்டிக் கடிதம் வாங்கினான். மதாம் லூயீஸின் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முத்திரை ஆபீசுக்குப் போனான். அங்கே தங்கவேல் என்று ஒரு குமாஸ்தா, கண்ணாடி போட்டவர். பாங்குக் கடிதத்தைப் படித்தார், சரி. விலாசம், சரி. பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

"நான்தான்."

"படத்துல காது மொட்டையா கீது. உன் காதுல கல்லு மின்னுது. போதாததுக்குக் காது வட மாரி வீங்கியும் கீது. அடையாளம் எதுவும் இல்லன்னு எழுதியிருக்காங்க. நான் இதுல முத்திரை குத்தினா விழுப்புரத்துல புடிப்பான், தனுஷ்கோடியில புடிப்பான், கொழும்புல கேக்கவே வேணாம்."

"புதுப் படம் ஒட்டிடட்டுமா?"

"ஒட்டலாம். பாஸ்போர்ட்டு குடுத்த எடத்துலதான் ஒட்டணும். மனு போட்டு வர ஒரு மாசம். உன் கப்பல் எப்ப?"

கப்பல் இரண்டு வாரத்தில்.

"கடுக்கனைக் கழட்டிட்டு வா. வீக்கத்தை நான் கண்டுக்கல," என்றார் தங்கவேல். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அமிர்தம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கழட்டினா நாளைக்கே தையலம்மா வாசல்ல வந்து நிப்பா. அவ பின்னால மொத்த ஊரும் நிக்கும்."

"யாருக்கும் தெரியாம புதுச்சேரியில கழட்டிட்டுப் போறேம்மா."

"ஸ்டேஷனுக்கு வழியனுப்ப ரெண்டு வண்டி ஜனம் வருது. எல்லாம் மொய் வெச்ச ஜனம். மொதல்ல காதத்தான் பாக்கும்."

மொய்யைத் திருப்பினால் பாங்கில் பணமிருக்காது. பாங்கில் பணமில்லையென்றால் கடிதம் செல்லாது. கடுக்கனைக் கழற்றாவிட்டால் முத்திரை இல்லை. பிரான்ஸ் முழுவதும் ஒரு மிளகளவுக் கல்லில் வந்து மாட்டிக்கொண்டது.

"போட்ட கை கழட்டினா ஒருத்தரும் பேச முடியாது," என்றாள் அமிர்தம். சொல்லிவிட்டுப் பச்சையப்பனைப் பார்த்தாள். "இந்த வாட்டி அவன் போய்க் கேட்டா ஆவாது. நான் போனாலும் ஆவாது. யாரு வாயால போச்சோ அவங்கதான் போவணும்."

பச்சையப்பன் மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். தணிகைவேலும் கூடப் போனான். எல்லைக்கல் வந்ததும் பச்சையப்பன் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மென்று முடித்துத் துப்பினார். இன்னொன்று எடுத்தார்.

"நைனா."

"இருடா. இந்தப் பக்கம் வந்து இருவத்து மூணு வருசம் ஆவுது. வழி மறந்து போச்சு."

வழி நேர் வழி. மறக்க ஒன்றும் இல்லை.

வீரப்பன் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே நான்கைந்து ஆட்கள் வைக்கோலை எடுத்துக் கொடுக்க, வீரப்பன் போரின் மேலே உட்கார்ந்து மிதிக்காமல் கையால் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பச்சையப்பன் வந்து நேர் எதிரே நின்றார். வீரப்பன் அவரைப் பார்க்காமல் காசம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு வந்துக்கறது?"

"உங்க தங்கச்சி வூட்டுக்காரரு."

"இன்னா வேணுமாம்?"

"நான் இன்னா தபால்காரியா? ரெண்டு பேருக்கும் வாய் கீதில்ல?" என்று காசம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.



"மச்சான்," என்றார் பச்சையப்பன்.

வீரப்பன் ஒரு கத்தை வைக்கோல் வாங்கி வைத்தார்.

"கடுக்கனைக் கழட்டணும் மச்சான். படத்துல இல்லியாம். கழட்டலன்னா பையன் போவ முடியாது. நீ போட்டது, நீதான் வந்து ஊரு முன்னால கழட்டணும்."

"நான் எதுக்குக் கழட்டணும்? போட்டது அழகாத்தான கீது."

"கொசு உக்காந்த மாரி கீது," என்றார் பச்சையப்பன்.

தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டான். ஆட்கள் வைக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பச்சையப்பனுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். தன் வாயிலேயே ஓர் அடி கொடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் மச்சான். வந்துடுது. நான் நெனைக்கறதுக்கு முன்னால வெளிய வந்து நிக்குது."

வீரப்பன் முதல்முறையாக நேராகப் பார்த்தார். "ஆடு எப்பிடி நடந்துது?"

"நல்லா நடந்துது."

"எந்த ஆடு? போன வாரத்து ஆடா?"

பச்சையப்பன் மகனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அந்த ஆடு நொண்டியது. அது அவருக்குத் தெரியும், வீரப்பனுக்கும் தெரியும். இப்போது தணிகைவேலுக்கும் தெரியும்.

"எல்லா ஆடும்," என்றார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எல்லா ஆடும் நல்லா நடந்துச்சு மச்சான்!" என்று கத்தினார் பச்சையப்பன். தூரத்தில் காசம்மாள் சிரிப்பது கேட்டது.

வீரப்பன் இறங்கினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதலில் வைத்து, மற்றக் காலை இழுத்து, மெதுவாக இறங்கினார். தரைக்கு வந்து இவர்களை நோக்கி நடந்தார். இடது காலைத் தாங்கித் தாங்கி வைத்தார். காதுகுத்தன்று தணிகைவேல் முழுசாக உட்கார்ந்த கால்.

பச்சையப்பன் அந்தக் காலைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. அமிர்தம் அங்கே இல்லை, தடுப்பதற்கு யாரும் இல்லை.

வாய் மூடிக்கொண்டது.

"வண்டி கட்டட்டுமா மச்சான்?" என்றார் பச்சையப்பன்.

"கட்டு. நடந்தா நேரமாவும்."

அன்று சாயங்காலமே பாகூர்க் கோயில் வாசலில் ஊர் கூடியது. தையலம்மாள் முதல் வரிசையில் நின்றாள். வீரப்பன் தணிகைவேலைக் குனியச் சொன்னார். மடி வேண்டாம் என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

"போட்டது நான். கழட்டறதும் நான். யாருக்காச்சும் இதுல பேச்சு கீதா?"

"கழட்டினா திரும்ப எப்ப போடுவ?" என்றாள் தையலம்மாள்.

"அவன் திரும்பி வந்தா."

"வரலன்னா?"

"வித்துடுவேன். இப்ப நல்ல வெல."

தையலம்மாள் யோசித்தாள். கடுக்கன் வீரப்பனிடம் இருக்கிறவரை பையன் திரும்பித்தான் ஆக வேண்டும், தன் மொய்யும் எங்கேயும் போகாது என்று பட்டிருக்க வேண்டும். "சரி, கழட்டு," என்றாள்.

பத்தர் திருகாணியை இளக்கிக் கொடுக்க, வீரப்பன் இரண்டு கடுக்கனையும் எடுத்துப் பழைய துணியில் முடிந்து இடுப்பில் செருகினார். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க மெல்லிய வேப்பங்குச்சி சீவி இரண்டு காதிலும் செருகிவிட்டார். அது எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதுதான்.

மறுநாள் குமாஸ்தா தங்கவேல் படத்தையும் முகத்தையும் பார்த்தார். "காதுல இன்னா?"

"குச்சி."

"குச்சி அடையாளத்துல சேராது," என்று முத்திரையை ஊதி, ஓங்கிக் குத்தினார்.

ஸ்டேஷனுக்கு மூன்று வண்டி ஜனம் வந்தது. சொல்தா பலராமன் மதாம் லூயீஸிடம் சொல்லச் சொல்லித் தன் கால் பற்றிய விவரம் முழுவதையும் இன்னொரு முறை சொன்னார். அமிர்தம் புளிக்காய்ச்சல் ஜாடியைத் துணியால் மூன்று சுற்றுச் சுற்றி மகன் மடியில் வைத்தாள். பச்சையப்பனும் வீரப்பனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சந்தையில் ஆடு மலிவு என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நகர்ந்தபோதுதான் கவனித்தார்கள்.

வீரப்பன் எழுந்து, ஒரு காலைத் தாங்கியபடி, வண்டியோடு கொஞ்ச தூரம் வந்தார்.

"தெனம் குச்சியத் திருப்பி வுடுடா! ஒட்டிக்கும்!"

தணிகைவேல் காதைத் தொட்டுத் திருப்பினான். நன்றாக வலித்தது.